வாசலில் ‘முற்றும்’ போடாதீர்கள்: கணவனிடமிருந்து தப்பும் பெண்ணின் த்ரில்லரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பிக்கும் பெண்ணைப் பற்றி ஒரு த்ரில்லராவது எழுதிப் பார்க்காத புதிய எழுத்தாளர் இல்லை போலிருக்கிறது. திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வரும் கைப்பிரதிகளில் இந்தக் கரு திரும்பத் திரும்ப வருகிறது. அதே இடங்களில் அதே இடறல்களும் வருகின்றன. அவற்றில் பல, தொடர்கதை எழுதத் தொடங்கிய காலத்தில் என் கையிலும் இருந்தவை என்பதால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது. எழுத்துப்பிழை, ஒரே காட்சியில் மூன்று பேர் மனதுக்குள் புகுந்து வருவது, இடி மின்னலோடு தொடங்கும் முதல் வரி இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கதைக்கட்டு சரியும் இடங்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதல் பக்கத்திலேயே அரக்கன்

முதல் அத்தியாயத்திலேயே அவன் தட்டை வீசியெறிகிறான். வாசகருக்கு அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி எதுவும் இல்லை. அவளுக்கு ஏன் யாரும் உதவவில்லை என்பதும் விளங்காது, ஏனென்றால் ஊருக்கே தெரியும்படி அவன் மிருகமாக இருக்கிறான்.

அவனை வாசகருக்குப் பிடிக்க வேண்டும். கதை நடுவில் அவள் தோழியிடம் போய் நடந்ததைச் சொல்லும்போது, “அவரா? இருக்கவே இருக்காது” என்று தோழி சொல்வாள். முதல் சில அத்தியாயங்களில் அவனை ரசித்த வாசகருக்கு அந்த இடத்தில் சுருக்கென்று குத்த வேண்டும். “போய்ச் சேர்ந்ததும் போன் செய்” என்பது தொடக்கத்தில் அக்கறையாகத் தெரியட்டும். சில அத்தியாயம் கழித்து, பத்து நிமிடம் தாமதமாகப் போன் செய்ததற்கு இரவு முழுவதும் விசாரணை நடக்கட்டும். சொன்ன வாக்கியம் ஒன்றுதான், அதற்குள் அதன் பொருள் மாறிவிட்டது.

அடி விழுந்தால்தான் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கணவனோ துணைவனோ தொடர்ந்து கட்டுப்படுத்தி, அச்சுறுத்தி ஒருவரை ஆட்டிவைப்பதையே இங்கிலாந்தும் வேல்ஸும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றமாக்கின. ஐந்து ஆண்டு வரை சிறை. உடம்பில் ஒரு காயமும் இல்லாத பெண்ணின் கதையிலும் பயம் முழுதாக இருக்க முடியும்.

சுற்றிச் சுற்றி வரும் நடுப்பகுதி

உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் விவரித்த வன்முறைச் சுழற்சி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது: இறுக்கம் கூடுகிறது, வன்முறை வெடிக்கிறது, அவன் மன்னிப்புக் கேட்டுக் கொஞ்சுகிறான், மறுபடியும் இறுக்கம். தெரிந்துகொண்டது தவறில்லை. அதை அப்படியே அத்தியாயங்களாக எழுதிவைப்பதுதான் தொல்லை. அடி, மலர்க்கொத்து, அடி, மலர்க்கொத்து. மூன்றாவது சுற்றில் வாசகர் பக்கங்களைப் புரட்டித் தாண்டுகிறார்.

ஒவ்வொரு சுற்றும் அவளிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு போக வேண்டும். முதல் சமாதானத்தின் விலை அவள் வேலையாக இருக்கட்டும். இரண்டாவதில் தங்கையோடு பேச்சு நின்றுபோகட்டும். மூன்றாவதில் அவள் பெயரில் இருந்த வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்காகட்டும். “இவள் ஏன் முன்பே போகவில்லை?” என்று வாசகர் கேட்கத்தான் செய்வார். அதற்கு வசனத்தில் பதில் சொல்லாதீர்கள். வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டதை அவரே பார்த்திருந்தால் கேள்வியே எழாது.

நல்ல விவரத்தை வீணாக்குவது

ஒரு கைப்பிரதியில் அருமையான விவரம் ஒன்று இருந்தது. தினமும் மாலையில் கணவன் கார் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வான். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பிறகு அந்த நோட்டு கதையில் தலைகாட்டவே இல்லை. எட்டு அத்தியாயம் தள்ளி அவள் அதே காரில் வக்கீலைப் பார்க்கப் போகிறாள், வருகிறாள். அவனும் கேட்கவில்லை, எழுதியவருக்கும் நினைவில்லை.

வக்கீல் அலுவலகம் பள்ளிப் பாதையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப நான்கு. ஒரு வாரம் முன்பே, “பள்ளிக்குப் போகும் வழியில் சாலை வேலை நடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது” என்று அவள் சொல்கிறாள். தினமும் அந்த நான்கு கிலோமீட்டரை வீணாக ஓட்டி, நோட்டில் அந்தக் கூடுதல் எண்ணை அவன் கண்ணுக்குப் பழக்குகிறாள். எட்டாம் நாள் அதே நான்கு கிலோமீட்டரில் வக்கீலைப் பார்த்துவிடுகிறாள். அந்த வாரச் சனிக்கிழமை அவன் சாவியை எடுத்துக்கொண்டு, “அந்தச் சாலை வேலையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்கிறான்.

துப்பாக்கி, துரத்தல் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு நோட்டும் ஒரு பொய்யும் போதுமாக இருந்தது.

முதல் முயற்சியிலேயே தப்பிப்பது

ஒரு முறையாவது பிடிபட வேண்டும். அவன் கை எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரியும்.

வாசலில் ‘முற்றும்’ போடுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டும் தவறு இது.

ஒரு பெண் எழுத்தாளர் நானூறு பக்கக் கைப்பிரதி கொண்டுவந்தார். முந்நூற்றைம்பது பக்கம் நாயகி வீட்டுக்குள் அடிபடுகிறாள், அழுகிறாள், ரகசியமாகப் பணம் சேர்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவன் தூங்கும் நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறாள். ஜன்னலில் சூரிய உதயம். முற்றும். நான் கேட்டது ஒரே கேள்வி: “காலையில் அவன் எழுந்ததும் என்ன செய்வான்?” அவர் குழம்பிப்போய், “அதுதான் அவள் போய்விட்டாளே” என்றார்.

இது கதைச்சுவை பற்றிய தகராறு என்றால் விட்டுவிடலாம். உண்மையில் நடப்பதற்கே இது நேர்மாறு. ஜாக்குலின் கேம்பெலும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 11 நகரங்களில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கட்டுப்படுத்தும் இயல்பு மிகுந்தவனோடு சேர்ந்து வாழ்ந்த பெண் அவனைப் பிரியும்போது, அவள் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ 9 மடங்கு கூடுவதாக அது கண்டது. வாசலைத் தாண்டும்போதுதான் ஆபத்து உச்சத்துக்கு ஏறுகிறது. நம் ஆட்கள் சரியாக அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வு, கதைக்கட்டு சொல்லித்தருபவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டியது. பிரிட்டிஷ் குற்றவியலாளர் ஜேன் மாங்க்டன் ஸ்மித், துணைவரால் கொல்லப்பட்ட பெண்கள் தொடர்பான 372 வழக்குகளை ஆராய்ந்து 2019இல் எட்டுக் கட்டங்களை வரையறுத்தார். அவனுடைய பழைய வன்முறை வரலாறு, அவசர அவசரமாக நெருங்கும் உறவு, கட்டுப்பாடே வாழ்க்கையாகிப்போவது, பிறகு அந்தக் கட்டுப்பாடு கைநழுவுவதாக அவன் உணரும் ஒரு தூண்டுதல். இந்தத் தூண்டுதல் பெரும்பாலும் பிரிவுதான். அதன் பின் தீவிரமாதல், எண்ணம் கொலையை நோக்கி மாறுதல், திட்டமிடுதல், கொலை. அவள் வெளியேறுவது எட்டில் நான்காவது இடத்தில் இருக்கிறது. கதையின் நடுப்புள்ளி என்று நாம் சொல்லித்தரும் இடம் அது. மிச்ச நான்கு கட்டங்களும் வில்லன் தரப்புக் கதையாக ஏற்கெனவே வரிசைப்பட்டுக் கிடக்கின்றன. எட்டாவதை நடக்கவிடாமல் அவள் எப்படித் தடுக்கிறாள் என்பதே பின்பாதி.

ஆகவே அவள் வெளியேறுவதைக் கதையின் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் வையுங்கள். அதற்குப் பிறகு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அவன் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் அழுவான். பிறகு அவளுடைய அம்மாவை அழவைப்பான். “மனைவியைக் காணவில்லை, மனநிலை சரியில்லாதவள்” என்று புகார் கொடுப்பான், இனி அவனுக்காகக் காவல்துறையே தேடும். கூட்டுக் கணக்கைக் காலிசெய்வான். குழந்தையைப் பார்க்கும் உரிமை கேட்டு நீதிமன்றம் போவான். நீதிமன்றம் அனுமதித்துவிட்டால், வாரத்துக்கு ஒரு முறை அவன் எதிரில் நின்று குழந்தையை ஒப்படைக்க வேண்டும். ஓடி ஒளிந்தவளைச் சட்டமே அழைத்துவந்து அவன் முன் நிறுத்துகிறது. இதைவிட நல்ல காட்சியை எந்தக் கார் துரத்தலும் தராது. அப்புறம் ஒரு நாள் அவன் போன் செய்வதையே நிறுத்திவிடுகிறான். நாயகி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறாள். எண்ணம் மாறும் அந்த ஆறாம் கட்டத்தைப் பற்றி வாசகருக்கு நீங்கள் முன்பே குறிப்புக் கொடுத்திருந்தால், அவரால் மூச்சு விட முடியாது.

அந்த எழுத்தாளர் எளிதில் இணங்கவில்லை. “அவள் பட்ட பாட்டைச் சுருக்கினால் வாசகருக்கு எப்படிப் புரியும்?” என்றார். நியாயமான கவலைதான். ஆனால் நன்றாகத் தேர்ந்த இரண்டு காட்சி போதும். அதற்கு மேல் போனால் வாசகர் மனம் மரத்துப்போகிறது, சிலர் அதை வேடிக்கையாகப் பார்க்கவும் தொடங்கிவிடுகிறார்கள். கோபத்தோடு போனவர், முந்நூற்றைம்பது பக்கத்தை நூற்றைம்பதாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் புதிதாக எழுதிச் சேர்த்த காட்சி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

காலையில் அவன் எழுகிறான். கத்தவில்லை. படுக்கையைச் சரிசெய்கிறான். பிறகு ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து எது இல்லை, எது இருக்கிறது என்று பார்க்கிறான். கம்பளி உடுப்புகள் எல்லாம் அப்படியே தொங்குகின்றன. அப்படியானால் குளிர்ப் பகுதிக்குப் போகவில்லை. குழந்தையின் ஆஸ்துமா இன்ஹேலரைக் காணவில்லை, ஆனால் புதிதாக வாங்கிவைத்தது இழுப்பறைக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. பழையதில் எவ்வளவு மிச்சம் என்பது அவனுக்குத் தெரியும். மருந்துச் சீட்டை எடுத்து, அதிலிருக்கும் மருத்துவரின் எண்ணுக்குப் போன் செய்து, மிகவும் கனிவான குரலில், “குழந்தைக்கு வெளியூரில் மருந்து தேவைப்படுகிறது, என் மனைவி பேசினாளா?” என்று கேட்கிறான்.

தற்செயலாகக் கண்டுபிடிப்பது

பேருந்து நிலையத்தில் ‘எதேச்சையாக’ அவன் கண்ணில் படுகிறாள். இது வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன இன்ஹேலரைப் போல, அவள் விட்டுச்சென்ற ஒன்றோ அவளால் விட முடியாத ஒன்றோதான் அவனை அழைத்துவர வேண்டும்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், இருவருக்கும் பொதுவான மின்னஞ்சல் கணக்கு, உறவினர் எடுத்துப் பகிர்ந்த ஒரு பிறந்தநாள் படம்.

கருவியைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முடிவுசெய்துவிடுங்கள். பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்னக் கருவியான ஆப்பிளின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தபோது, அடையாளம் தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருவதாகத் தானாக எச்சரித்தது ஐபோன் மட்டும்தான். ஆண்ட்ராய்டு போனில் அத்தகைய எச்சரிக்கையை கூகுள் 2023இல்தான் கொண்டுவந்தது. 2022இல் நடக்கும் கதையில் நாயகியின் கையில் எந்தப் போன் இருக்கிறது என்பதே ஒரு திருப்பம். 2025இல் நடக்கும் கதையில் அதே திருப்பத்தை வைத்தால் வாசகர் சிரித்துவிடுவார். ஆனால் அவன் உளவு பார்க்கும் முறையைச் செய்முறைக் குறிப்பு மாதிரி படிப்படியாக எழுதாதீர்கள். படிப்பவர்களில் அவனைப் போன்றவனும் இருப்பான்.

காப்பாற்ற வரும் புதுக் காதலன்

கூடாது. காவல்துறை அதிகாரியாக இருந்தாலும் கூடாது.

எல்லாம் அவள் கட்டிய கதை என்ற திருப்பம்

முன்னூறு பக்கம் நம்பிய வாசகரை மட்டுமல்ல, இதே காரணத்துக்காக யாரும் நம்பாத பெண்களையும் சேர்த்து அறைகிறீர்கள்.

அவனைக் கொன்று முடிப்பது

இறுதிப் போராட்டம், கத்தி, அவன் விழுகிறான், அவள் நிமிர்கிறாள். உயிருக்கு ஆபத்து வந்த அந்த நொடியில் நடந்தால் தற்காப்பு என்று சொல்ல வழியிருக்கிறது. அவன் தூங்கும்போது நடந்தால் நிலைமை தலைகீழ். கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கைப் படித்துப் பாருங்கள். பத்தாண்டுக் கொடுமைக்குப் பிறகு 1989இல் இங்கிலாந்தில், தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார், அவன் இறந்தான். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, அதன் பிறகே கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றமாக ஏற்கப்பட்டு அவர் விடுதலையானார். இடையில் போன ஆண்டுகளில் ஒரு தனி நாவலுக்கே இடம் இருக்கிறது. விசாரணை, சிறை, குழந்தைகள் யாரிடம் என்ற கேள்வி இவற்றையெல்லாம் எழுத உங்களுக்கு மனமில்லை என்றால் அவனை உயிரோடு விட்டுவிடுங்கள். கையில் விலங்கோடு அவன் வண்டியேறட்டும், அந்தக் கிலோமீட்டர் நோட்டு அவனுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்துக்குப் போகட்டும்.