சென்னை வீடுகள் அசிங்கமா? தீர்ப்புச் சொல்லும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலிருந்து வரும் என் மாமா எழும்பூரில் இறங்கும்போதே தீர்ப்போடுதான் இறங்குவார். "என்ன ஊர் மாப்ளே இது? தாம்பரத்துல கண்ணு முழிச்சேன். இங்க வர்ற வரைக்கும் பார்க்கிற மாதிரி ஒரு வீடு இல்ல."

அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் ரயிலில் வருகிறவர் கண்ணில் படுவது வீடுகளின் முதுகு. கழிவுநீர்க் குழாய், குளியலறை ஜன்னல், துருப்பிடித்த ஏசி பெட்டி, கொடியில் காயும் துணி, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. பல்லாவரத்திலோ சைதாப்பேட்டையிலோ தண்டவாளத்தைப் பார்த்து யாரும் வாசல் வைப்பதில்லை. கும்பகோணத்திலும் ரயிலிலிருந்து தெரிவது கொல்லைப்புறம்தான். அங்கே கொல்லையில் வாழைமரம் நிற்கிறது, அதனால் மன்னித்துவிடுகிறோம்.

மேம்பாலத்திலிருந்து பார்ப்பதும் மெயின் ரோட்டிலிருந்து பார்ப்பதும் இதே வகைத் தவறு. சென்னையில் மெயின் ரோடு என்பது கடைக்காரர்களின் இடம். உஸ்மான் ரோட்டில் நின்றுகொண்டு தி.நகர் வீடுகளைப் பற்றிப் பேசுவது, மண்டபத்துச் சமையற்கட்டில் நின்றுகொண்டு மாப்பிள்ளை எப்படி என்று சொல்வது மாதிரி. இரண்டு திருப்பம் உள்ளே போக வேண்டும், அதுவும் நடந்து.

கோபுரத்தையும் குவிமாடத்தையும் மட்டும் தேடுவது

'சென்னையில் அழகான கட்டடம்' என்றதும் நமக்கு நினைவில் வருவது 1892இல் திறந்த உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம், கபாலீசுவரர் கோயில் கோபுரம். இவற்றில் யாரும் குடியிருக்கவில்லை. வீட்டு அழகை இந்த அளவுகோலால் அளந்தால் எந்த வீடும் தேறாது.

சென்னையின் வீடுகள் தங்களுக்கென ஒரு முகத்தைக் கண்டுகொண்டது 1930களிலிருந்து 50கள் வரை என்பது என் கணிப்பு. 1920களில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியைத் தூர்த்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் போடப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், பெரிய பெரிய மனைகள். மனை வாங்கியவர்கள் வீடு கட்ட ஆரம்பித்த காலத்தில் சிமெண்டும் கான்கிரீட்டும் கைக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில் உலகெங்கும் பரவியிருந்த ஆர்ட் டெக்கோ, அதாவது வளைந்த மூலையும் இணைகோடுகளுமாகக் கட்டும் பாணி, இங்கேயும் வந்து இறங்கியது. பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடம் அதன் பெரிய உருவம். சின்ன உருவங்கள் தி.நகர், மாம்பலம், மயிலாப்பூர்த் தெருக்களில் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. நாம் தினமும் பைக்கில் கடந்துபோகிறோம், பார்ப்பதில்லை.

மேற்கு மாம்பலத்தில் அப்படியொரு வீட்டின் மாடியில் சில வருஷம் வாடகைக்கு இருந்தேன். பால்கனி மூலை கூர்மையாக முடியாமல் வளைந்து திரும்பும். மாடிப்படி ஏறும் இடம் மட்டும் கோபுரம் போல ஒரு ஆள் உயரம் தூக்கியிருக்கும். அதில் மேலிருந்து கீழ்வரை ஒல்லியாக ஒரு கண்ணாடி ஜன்னல். கைப்பிடிச் சுவருக்குக் கீழே சிமெண்டில் மூன்று இணைகோடுகள் வீட்டைச் சுற்றி ஓடும். வாசல் இரும்புக் கேட்டில் பாதிச் சூரியன், அதிலிருந்து விரியும் கதிர்கள். மேலே சிமெண்ட் எழுத்தில் வீட்டின் பெயர், பக்கத்தில் 1951. குடிபோன முதல் வருஷம் முழுக்க இதை ஒரு பழைய, பெயிண்ட் உரிந்த வீடு என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஒருநாள் சாயங்காலம் எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது, சாய்ந்த வெயிலில் அந்த மூன்று கோடுகளின் நிழல் சுவரில் விழுந்ததைப் பார்த்தேன். அதன்பிறகு அந்தத் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் அதே கோடு தெரிய ஆரம்பித்தது.

எலிவேஷனை வீடு என்று நினைப்பது

கட்டுமான ஆட்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'எலிவேஷன்'. முகப்பு என்று பொருள். இப்போதெல்லாம் அதற்குத் தனி பட்ஜெட், தனி 3டி படம். மரம் மாதிரி தெரியும் பழுப்புப் பட்டை, பளபளக்கும் ஏசிபி என்கிற அலுமினிய ஷீட், கண்ணாடிக் கைப்பிடி, சுவரில் பதித்த விளக்கு. கிரகப்பிரவேசத்தன்று யார் பார்த்தாலும் அழகு என்றுதான் சொல்வார்கள்.

இந்த ஊரில் வீட்டைப் புதிதாக இருக்கும்போது எடைபோடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை காற்றோடு சேர்ந்து சுவரில் அடிக்கும். எங்கள் தெருவில் ஒரு புது வீட்டில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடே வைக்கவில்லை, "லுக்கைக் கெடுக்கும்" என்றார்கள். இரண்டு மழைக்காலம் போனது. இப்போது ஒவ்வொரு ஜன்னலின் இரண்டு மூலையிலிருந்தும் கறுப்பாக ஒரு கோடு வழிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு மை கரைய அழுததுபோல இருக்கிறது.

பக்கத்திலேயே எழுபதுகளில் கட்டிய ஒரு வீடு. ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டிய தட்டையான கான்கிரீட் பலகை, பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் அண்ணாந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஓரத்தை ஒட்டி விரல் அகலத்தில் ஒரு பள்ளக்கோடு ஓடும். மேலே விழும் தண்ணீர் அடிவழியே சுவருக்குத் திரும்பி வராமல் அங்கேயே சொட்டிவிடும். ஐம்பது வருஷமாக அந்தச் சுவர் வெளுப்பாக நிற்பதற்கு அந்தக் கோடு ஒரு காரணம். ஜன்னலும் அப்படித்தான். பழைய இரட்டைக் கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும், இன்றைய இழுக்கும் ஜன்னல் பாதிதான் திறக்கும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வருகிற ஊரில் பாதி ஜன்னலை நிரந்தரமாக மூடி வைப்பது எனக்குப் புரிவதில்லை.

பழசெல்லாம் அழகு என்று நம்புவது

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, படித்தவர்களிடம் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று சொன்னாலே கண் கலங்கிவிடுவார்கள். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் ஒன்றுக்குள் பகல் பதினோரு மணிக்குப் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அதனால் பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. முற்றத்தைத் தாண்டினால் விளக்குப் போட வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரை அபாரமான வேலைதான். தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பால் கட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி அடித்த தளம். வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் உத்திரத்தில் கரையான் ஏறிவிட்டால் அதை இறக்கிக் கட்டச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். அப்புறம், திண்ணை எல்லோரும் உட்காரும் இடமாக இருந்தது என்ற கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம். அக்ரகாரத்துத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்பதை சாதிதான் முடிவு செய்தது.

எல்லாப் பழியையும் பில்டர் மேல் போடுவது

இன்றைய சென்னைத் தெருவில் எனக்கே உண்மையாக அசிங்கமாகப் படுவது ஒன்று உண்டு: தரைத்தளம். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டினால் கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிற்கும், மேலே குடித்தனம். தெருவில் நடப்பவருக்குத் தெரிவது கார் பம்பரும் மீட்டர் பெட்டியும் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியும். வாசல் இல்லை, கோலம் போட இடமில்லை, தெருவை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லை.

இதில் பில்டரின் ரசனைக்குப் பங்கு கொஞ்சம்தான். இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் வேண்டும், சுற்றிலும் இத்தனை அடி விட வேண்டும், உயரம் இதற்கு மேல் போகக் கூடாது என்று விதி சொல்கிறது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டிக்கொள்ளக்கூடிய தளப்பரப்பை மனையின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காக உயர்த்தின. மனை விலை போகிற போக்கில் அதை ஒரு அடி மிச்சமில்லாமல் பயன்படுத்துவார்கள். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறதே என்றால், அச்சு விதிப் புத்தகத்தில் இருக்கிறது. எண்பதுகளின் சின்ன ஃப்ளாட்டுகளில் தரைத்தளத்திலும் குடித்தனம் இருந்தது. யாராவது ஒரு பாட்டி கம்பி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து போகிற வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, சில பழைய வீடுகள் குள்ளமாக, மண்ணில் புதைந்ததுபோலத் தெரியும். வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் ஒவ்வொரு முறையும் மேலேயே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இப்போது இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டைக் கட்டியவருக்கு அளவு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள்.

வாடகையை வைத்து அழகை அளப்பது

"நார்த் மெட்ராஸா? அங்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சென்ட்ரலைத் தாண்டியதில்லை. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் அங்கேதான் நிற்கிறது. பெரம்பூரின் ரயில்வே குடியிருப்புகளில் இருக்கும் மர நிழல் தென்சென்னையின் பல புது நகர்களில் கிடையாது. வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வீட்டு முகப்பு எட்டடி, பத்தடிதான். பச்சை, ரோஸ், நீலம் என்று அடுத்தடுத்து அடித்திருப்பார்கள். 'கண்றாவி கலர்' என்பார்கள் சிலர். எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சந்தில் வெளிர் நிறம் ஒரே வருஷத்தில் அழுக்காகிவிடும் என்பதையும், அங்கே இருப்பவர்களுக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகர். ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000க்குப் பிறகு கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் வரைந்தார்கள். ஓவியங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, படம் எடுக்க ஆட்களும் போனார்கள். ஆனால் ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக் குடித்தனத்தின் அளவும், வேலைக்குப் போய்வரும் தூரமும் படத்தில் விழாது.

மரத்தையும் மறந்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் தூங்குமூஞ்சி மரங்களை வரிசையாகச் சாய்த்த மறுநாள், அதே வீடுகள் அதே பெயிண்டோடு நிற்க, பல தெருக்கள் ஒரே ராத்திரியில் அசிங்கமாகிவிட்டன. மே மாத மத்தியானத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதும் கூடாது.

போன முறை மாமாவை எழும்பூரில் இறங்கவிடாமல் மாம்பலத்திலேயே இறக்கி, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மேற்கு மாம்பலத்துக்குள் நடக்க வைத்தேன். மூன்று கோடு வீட்டையும் கேட்டில் இருந்த சூரியனையும் காட்டினேன். பேசாமல் பார்த்தார். பிறகு அந்த எழுபதுகளின் வீட்டு சன்ஷேடு அடியில் நின்று, கையை உயர்த்தி அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை.

"வீடு சுமார்தான் மாப்ளே," என்றார், "காத்து நல்லா வருது. வாடகை எவ்வளவு சொல்றாங்க?"