உங்கள் ஊரில் சூரியன் மறையும் நேரத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருவதால், அன்றுதான் சூரியன் மிகச் சீக்கிரம் மறையும் என்று பலரும் எண்ணுகிறோம். சென்னையில் அப்படி நடப்பதில்லை. அங்கே நவம்பர் 20-ஐ ஒட்டி மாலை 5.39-க்கே சூரியன் மறைந்துவிடுகிறது. பகல் இன்னும் எட்டு நிமிடம் குறைந்துவிட்ட டிசம்பர் 21-இலோ 5.48 வரை நிற்கிறது. காரணத்தைச் சொல்லிக் கேட்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாக மனத்தில் பதியும். ஒரு தாளும், கோண அளவுகள் கொண்ட கால்குலேட்டரும் போதும்.

முதல் படி: ஊரின் நண்பகலைக் கண்டுபிடியுங்கள். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னை 80.27 பாகையில், அதாவது 2.23 பாகை மேற்கே இருப்பதால், அங்கே நண்பகல் சராசரியாக 9 நிமிடம் தாமதித்து 12.09-க்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: சூரியனின் முந்தலையும் பிந்தலையும் சேருங்கள். பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சு சாய்ந்தும் இருப்பதால், சூரியன் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் அது 16 நிமிடம் முந்துகிறது. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் 20-இல் முந்தல் 14 நிமிடத்துக்குச் சற்று மேல். டிசம்பர் 21-இல் வெறும் 2 நிமிடம். ஆகவே சென்னையின் உண்மையான நண்பகல் நவம்பர் 20-இல் 11 மணி 54½ நிமிடத்துக்கும், டிசம்பர் 21-இல் 12.07-க்கும் வருகிறது. இந்தப் படியைத் தாளோடு விட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, 11.30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்து வந்தால், நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

மூன்றாம் படி: அரைப் பகலின் நீளம். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்கள் பகலின் முழு நீளத்தை அகசு என்று நாழிகையில் சொல்வார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். நாம் அதில் பாதியைக் கணக்கிடுகிறோம். சூரியன் வான நடுவரையிலிருந்து (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) தெற்கே விலகியிருக்கும் அளவு நவம்பர் 20-இல் 19.6 பாகை; சென்னையின் அட்சரேகை 13.08 பாகை. இரண்டின் டேன்ஜென்ட்டையும் பெருக்கினால் 0.0827 வரும். எந்தக் கோணத்தின் கோசைன் இந்த எண்ணோ, அந்தக் கோணம் 85.25 பாகை. மணிக்கு 15 பாகை வீதம் வகுத்தால் 5 மணி 41 நிமிடம் கிடைக்கும். சூரியனின் மேல் விளிம்பு மறைவதையே மறைவு என்கிறோம். காற்று மண்டலமும் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே போய்விட்ட சூரியனைச் சிறிது நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுக்குமாகச் சென்னையில் மூன்றரை நிமிடம் கூட்டுங்கள். (சூரியன் வடக்கே இருக்கும் மாதங்களில், கிடைக்கும் கோணத்தை 180-இலிருந்து கழித்துவிட்டுத் தொடருங்கள்.)

நான்காம் படி: கூட்டுங்கள். 11 மணி 54½ நிமிடத்தோடு 5 மணி 44½ நிமிடம் சேர்ந்தால் மாலை 5.39. இதே முறையில் டிசம்பர் 21-க்கு அரைப் பகல் 5 மணி 40½ நிமிடம், மறைவு 5.48-ஐ ஒட்டி. அரைப் பகல் 4 நிமிடம் சுருங்கியும், நண்பகல் 12 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனதால் மாலை நீண்டுவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கணக்கின் அழகே இங்குதான் இருக்கிறது.

இனி ஊரை மாற்றிப் பாருங்கள். நவம்பர் 20-இல் கோயம்புத்தூரில் சூரியன் சென்னையைவிட 16 நிமிடம் பிந்தி, 5.55-ஐத் தாண்டி மறைகிறது. அதில் 13 நிமிடம் மேற்கே இருப்பதாலும், 3 நிமிடம் தெற்கே இருப்பதாலும் வருவது. வடக்கே போகப் போக அட்சரேகையின் கை ஓங்கும். டிசம்பர் 21-இல் 5.29-க்கு மறையும் டெல்லிச் சூரியன் ஜூன் 21-இல் 7.22 வரை இருக்கும். சென்னையிலோ அந்த ஜூன் நாளில் 6.38-தான். மிகச் சீக்கிரம் மறையும் நாளும் டிசம்பர் 21-ஐ நோக்கி நகர்கிறது: டெல்லியில் டிசம்பர் தொடக்கம், லண்டனில் டிசம்பர் 12-ஐ ஒட்டி.

விடையை நேரில் சரிபார்க்கத் தடையற்ற அடிவானம் வேண்டும். கோயம்புத்தூரில் மேற்குத் தொடர்ச்சி மலை முன்னதாகவே சூரியனை மறைத்துவிடும்; மெரினாவிலோ கடல் கிழக்கே இருப்பதால், கட்டடங்களுக்குப் பின்னால்தான் மறைவு. மேற்கே கடலோ திறந்த வயல்வெளியோ உள்ள இடமாகப் பார்த்துச் செல்லுங்கள்.