பார்லென்ட் இல்லை, பார்ல்: பிரெஞ்சு வினைச்சொற்களில் நாம் சறுக்கும் இடங்கள்

எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் வாசித்துப் பழகிய நாக்கு நமக்கு. அந்தப் பழக்கத்தோடு பிரெஞ்சு வினைச்சொல்லைத் தொட்டால் முதல் வகுப்பிலேயே மாட்டிக்கொள்வோம். 'பேசுகிறார்கள்' என்பதற்குப் பி, ஏ, ஆர், எல், இ, என், டி என்று ஏழு எழுத்து. நானும் ஒரு காலத்தில் 'பார்லென்ட்' என்று ஜம்பமாகப் படித்தவன்தான். உச்சரிப்போ வெறும் 'பார்ல்', ஒரே அசை, கடைசி மூன்று எழுத்துக்குச் சத்தமே கிடையாது. நான், நீ, அவன், அவர்கள் எல்லோருக்கும் எழுத்து கொஞ்சம் மாறினாலும் காதுக்கு அதே 'பார்ல்'; நாம், நீங்கள் இரண்டுக்கும்தான் 'பார்-லோன்', 'பார்-லே' என்று இரண்டாவது அசை வரும், அதிலும் அந்த 'ன்' மூக்கோடு நின்றுவிட வேண்டும், நாக்கு மேலே ஒட்டக் கூடாது.

சரி, இ-என்-டி என்று முடிந்தாலே விழுங்கிவிடலாமா? அதுவும் தப்பு. 'வருகிறான்' என்பதும் அப்படித்தான் முடிகிறது, ஆனால் அங்கே 'வியேன்' என்று மூக்கொலி கேட்கும். 'கூவான்' என்றால் கன்னியர் மடம். அச்சு அசலாக அதே எழுத்துகள் வினையாக வந்தால் 'கூவ்', அதாவது அடைகாக்கின்றன. பன்மை வினையில் மட்டும்தான் அது ஊமை.

நமக்கே உரிய தவறு, மெய்யில் முடிகிற சொல்லுக்கு ஓர் உகரத்தை ஒட்டுவது. 'அவன் முடிக்கிறான்' 'ஃபினி', 'அவர்கள் முடிக்கிறார்கள்' 'ஃபினிஸ்'. இதை 'ஃபினிஸு' என்றால் இரண்டு அசை மூன்றாகிவிடும்.

'நாம் செய்கிறோம்' என்பதை 'ஃபேஸோன்' என்று படிக்காதீர்கள், எழுத்து அப்படித்தான் ஏமாற்றும். முதல் அசை 'ஃப' என்று மங்கலாகத்தான் ஒலிக்கும்.

அப்புறம் சேர்த்துச் சொல்வது. பாலும் ஆடையும் பாலாடை ஆவதுபோல, 'இல்' (அவன்), 'எம்' (நேசிக்கிறான்) சேர்ந்தால் 'இ-லெம்'. பன்மையில் 'இல்-ஸெம்', அந்த 'ஸ' தேனீ ரீங்காரம்போல அதிர வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள், தமிழில் அந்த ஒலி இல்லையே. 'இல் ஸோன்' என்பதில் 'ஸ' அதிர்ந்தால் 'அவர்களிடம் இருக்கிறது', அதிராவிட்டால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், முதலாவதில் மட்டும் 'ஸ' சொல்லும்போதே விரலில் அதிர்வு தெரியும்.