பழைய டிராக்டரை வீட்டிலேயே பழுது பார்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பேராக்கின் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கம் செம்பனைக்குலை ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் மாஸி ஃபெர்கூசன் 135 டிராக்டரை இன்னும் பார்க்கலாம். இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் 1964 முதல் 1975 வரை செய்த வண்டி. கடைசியாக வந்ததற்கே ஐம்பது வயதாகிவிட்டது. பெரிய தோட்டம் கழித்துவிட்ட வண்டியை வாங்கி, அப்பா, மகன், மச்சான் என்று வீட்டு ஆட்களே பழுது பார்த்து ஓட்டும் குடும்பங்கள் இங்கே நிறைய. சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புது வண்டி விலை கட்டுப்படியாகாது. அதோடு, அந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினை ஒழுங்காக வைத்துக்கொண்டால் அது சுலபத்தில் சாகாது.

ஒழுங்காக வைத்துக்கொள்வதில்தான் தகராறு. "வண்டி பழசு, அதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரை பாதிக் கோளாறுக்குக் காரணம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு, தண்ணீர் எங்கே புகுந்தது என்று பார்க்காமல் ஸ்பேனரைத் தூக்கும் அவசரம்.

முதல் தவறு, வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நேரே டீசல் பம்ப்பைக் கழற்றுவது. இந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் சி.ஏ.வி. ரோட்டரி பம்ப். உள்ளே தலைமுடியைவிட நெருக்கமான இடைவெளியில் பாகங்கள் சுற்றுகின்றன. அவற்றுக்கு எண்ணெயும் டீசல்தான், தனியாக எதுவும் கிடையாது. அதை வீட்டுத் தரையில் பிரித்து, துணியால் துடைத்து மாட்டினால் அதோடு முடிந்தது. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பம்ப் கெட்டிருப்பதைவிட, பம்ப்புக்கு டீசல் வராமல் இருப்பதற்கோ, டீசலோடு காற்றோ தண்ணீரோ சேர்ந்து வருவதற்கோதான் வாய்ப்பு அதிகம். டவுனில் ஒரு பட்டறை பம்ப்பை மாற்றவேண்டும் என்று சொன்ன வண்டி ஒன்றில், டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸ் உள்பக்கம் உரிந்து அடைத்திருந்தது. ஓஸை மாற்றியதும் வண்டி ஓடியது.

ஃபில்டரின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி, நடுவே கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். தெரிந்தால் டேங்கை வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றிவிட்டு, டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்கு வாருங்கள்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில், ஒருவர் எஞ்சின் பக்கம். ஸ்டாப் குமிழ் உள்ளே தள்ளியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்ப்பின் பக்கத்திலுள்ள சின்ன லிவரைக் கையால் அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அப்புறம் டீசல் பம்ப்பின் உடம்பில் கீழே உள்ள திருகு, அதற்கப்புறம் மேலே உள்ளது. லிவர் கையில் தொளதொள என்று இருந்தால் பதறவேண்டாம். எஞ்சினுக்குள் அந்தப் பம்ப்பைத் தள்ளும் கேம் உயர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டால் லிவருக்குப் பிடிப்பு வந்துவிடும். இது தெரியாமல் லிஃப்ட் பம்ப் போய்விட்டது என்று புதுசு வாங்கியவர்கள் உண்டு. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் பக்கம் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, சீட்டில் இருப்பவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி, டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக் கசிவைத் தடவிப் பார்க்காதீர்கள். நாசிலுக்குப் போகும் டீசல் அழுத்தத்தில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டு போதும்.

சரி, டீசலில் தண்ணீர் எப்படி வருகிறது? பெரும்பாலும் வீட்டுப் பின்னால் நிற்கும் டிரம்மிலிருந்து. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 3 வெள்ளி 35 சென்னுக்குப் போனதிலிருந்து யாரும் ஒரு சொட்டைக்கூட வீணாக்க விரும்புவதில்லை. அடியில் கிடக்கும் கலங்கலையும் சேர்த்தே ஊற்றிவிடுகிறார்கள். டிரம்மை நிமிர்த்தி மழையில் விட்டால் மூடிமேல் தண்ணீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும். ராத்திரி குளிரும்போது மூடியின் இடுக்கு வழியாகத் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று நம்பவேண்டாம். கூரைக்கு அடியில் வையுங்கள். முடியாவிட்டால் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் மூழ்கி இருக்கும்படி வையுங்கள்.

இன்னொன்று, 2019 முதல் பம்ப்பில் கிடைக்கும் சாதாரண டீசலில் பத்து சதவீதம் செம்பனை டீசல். நம் தோட்டத்துக் குலையே திரும்பி நம் டேங்குக்கு வருகிறது, அதில் சந்தோஷம்தான். ஆனால் அது ஈரத்தை அதிகம் பிடித்துவைக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும், டேங்கில் பல வருஷம் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும். அந்தக் காலத்து ஓஸ்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளாதீர்கள்.

அடுத்து தெர்மோஸ்டாட். "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?" என்று கழற்றி எறிவது இங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. எஞ்சின் சூடாகிறது என்றால் முதலில் செய்வது இதுதான். தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினைச் சூடாக்குவதல்ல, 80 டிகிரிக்குப் பக்கத்தில் நிலையாக வைப்பது. அது இல்லாமல் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெய் நீர்த்துப்போகும், கரி சேரும், ரிங் தேயும். வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் யாரும் இதைத் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் பழைய மைலோ டின்னில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதுசு போடுங்கள், விலை அதிகமில்லை.

சூட்டுக்கு நிஜக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர். வெளியே புல்விதையும் தூசியும் அடைத்திருக்கும். உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஓடும் கான் தண்ணீரை அள்ளி ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நம் கடலோரக் களிமண்ணில் பல இடங்களில் அமிலம் உண்டு, அந்தத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். இங்கே தண்ணீர் உறையாது, அதனால் கூலன்ட் வேண்டாம் என்பதும் தப்புக் கணக்கு. கூலன்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, நமக்கு வேண்டியது அது.

கியர் எண்ணெயை யாரும் பார்ப்பதே இல்லை. 135-இல் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். ஹைட்ராலிக் பம்ப்பே அந்த எண்ணெயில்தான் மூழ்கிக் கிடக்கிறது. கியர் லிவரின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால், அக்டோபர் நவம்பர் மழை நேரே அதில்தான் இறங்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் தே தாரேக், அதாவது பால் தேநீர், நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ட்ரெய்லர் தூக்கவில்லை என்று ஹைட்ராலிக்கைப் பிரிப்பதற்கு முன்பு இதைப் பாருங்கள். சில வெள்ளி ரப்பர் உறை, பம்ப் செலவை மிச்சப்படுத்தும்.

காற்று ஃபில்டர் எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகை என்றால் குறியிட்ட மட்டத்துக்குமேல் ஊற்றாதீர்கள். கூடுதல் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி அதையே எரிபொருளாக்கி ஓடத் தொடங்கினால் ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காது.

இனிச் சொல்வது வண்டியைப் பற்றியது அல்ல, வீட்டு ஆட்களைப் பற்றியது. மேலே சொன்ன எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றதும், கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரை ஸ்டார்ட்டர் முனைகளில் வைத்துப் பொறி பறக்கவிட்டு ஸ்டார்ட் செய்வது. அப்பா செய்வார், அதைப் பார்த்து மகன் செய்வான். பல வண்டிகளில் கியர் நியூட்ரலில் இருந்தால்தான் சாவி வேலை செய்யும். ஸ்க்ரூடிரைவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த அடுத்த கணமே முன்னால் பாயும். அப்போது நீங்கள் நிற்கும் இடம் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். ஒதுங்க நேரம் இருக்காது. உலகெங்கும் பழைய டிராக்டரால் சாகிறவர்களில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. சாவி சுற்றவில்லை என்றால் பேட்டரி முனை, எர்த் வயர், சுவிட்ச் என்று வரிசையாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிப்பவர்களுக்கு ஒன்று. முன் ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது. பின்பகுதியை விலக்கியதும் முன்பகுதி பக்கவாட்டில் கவிழும். ஜேக் போடுவதற்கு முன்பே ஆக்ஸிலுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடித்து இறுக்கிவிடுங்கள். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் உடையும்.

களிமண்ணில் பின்சக்கரம் புதைந்தால் சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னால் எடுப்பது இங்கே பழக்கம். கட்டை சிக்கிச் சக்கரம் சுற்ற முடியாமல் போனால், சக்கரத்துக்குப் பதில் வண்டியே ஆக்ஸிலைச் சுற்றி எழுந்து பின்னால் கவிழ்ந்துவிடும். பின்னால் மேலே உள்ள டாப் லிங்க்கில் சங்கிலி போட்டு இழுத்தாலும் இதே கதைதான். இழுவை எப்போதும் கீழேயுள்ள டிராபார் என்னும் இழுவைக் கம்பியில். புதைந்தால் ரிவர்ஸில் எடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். பழைய வண்டிகளில் பாதுகாப்புக் கம்பிச்சட்டம் கிடையாது.

வண்டியின் பின்னால் மற்றக் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. கைலியோடு, தோளில் துண்டோடு அதன் பக்கம் போகாதீர்கள். மூடி உடைந்திருந்தால் அதை முதலில் வாங்குங்கள். பிள்ளைகளை மட்கார்டில் உட்காரவைத்துக் குலை ஏற்றப் போவது, எத்தனை ஆசையாகக் கேட்டாலும் வேண்டாம்.

வீட்டு வேலையில் வரும் இன்னொரு ஆபத்து பேச்சுதான். ஒருவர் கீழே படுத்திருக்க, இன்னொருவர் "ஸ்டார்ட் பண்ணவா?" என்று கேட்டுவிட்டு, பதில் சரியாகக் காதில் விழுமுன் சாவியைத் திருப்புவது. அதனால் கீழே போகிறவர் பாக்கெட்டில் சாவி இருக்கவேண்டும், பேட்டரி வயரும் கழற்றியிருக்க வேண்டும். மாமா ஆனாலும் சரி, மகன் ஆனாலும் சரி, "நான் சொல்றப்போ சுத்து" என்று சொல்ல ஒருவருக்குத்தான் அதிகாரம்.

பாகம் வாங்குவதில் ஒரே விஷயம்தான் சொல்லவேண்டும். "135-க்கு கிளட்ச்" என்று கேட்டுப் போகாதீர்கள். அதில் ஒற்றைக் கிளட்ச் உண்டு, இரட்டைக் கிளட்ச் உண்டு, கியர்பாக்ஸிலும் ஆறு, எட்டு என்று வகைகள் உண்டு. மீட்டர் பலகையருகே உள்ள தகட்டிலிருக்கும் சீரியல் நம்பரைப் படம் பிடித்துக்கொண்டு, பழைய பாகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். 135-க்குப் பிறகு வந்த 240-இலும் இதே குடும்பத்து மூன்று சிலிண்டர் எஞ்சின் இருந்ததால் எஞ்சின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் டாஃபே 1960-களிலிருந்து மாஸி வண்டிகளைச் செய்து வந்திருப்பதால் இந்தியப் பாகங்களும் வருகின்றன. நல்லதும் வரும், மோசமானதும் வரும். பழைய பாகத்தின் பக்கத்தில் வைத்து எடையையும் விளிம்பையும் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

அப்புறம், அறுவடை குறைந்த மாதங்களில் வண்டி சும்மா நிற்கும் சமயம். "வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டேன், போதும்" என்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்தினால், எரியும்போது உண்டான ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஓட்டினால் அரைமணி நேரமாவது பாரத்தோடு ஓட்டுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் கிளட்ச் மிதியை முழுசாக அழுத்தி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வையுங்கள். நம் ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டபின் வண்டியை கியரில் போட்டு மரத்தில் இடித்துப் பிரிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கிளட்ச்சோடு கியர்பாக்ஸுக்கும் செலவு வைக்கவேண்டி வரும்.