கார் சீட் கவர்: லெதரா, துணியா?

சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் தெரியும். லெதர் சீட் தொடையைச் சுடும். துணி அவ்வளவு சுடாது, வியர்வையையும் உறிஞ்சும். பகலெல்லாம் வெயிலில் நிற்கிற வண்டிக்கு என் ஓட்டு துணிக்குத்தான்.

ஆனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் யோசியுங்கள். துணியில் மாம்பழச் சாறு இறங்கினால் கறை லேசில் போகாது. லெதரில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்தாலும் அப்படித்தான்.

கடையில் 'லெதர்' என்று காட்டுவதில் பெரும்பாலானவை ரெக்சின். சாம்பிளைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் துணி நெசவு தெரிந்தால் ரெக்சின், அசல் தோல் நார்நாராக, சொரசொரப்பாக இருக்கும். ரெக்சின் தப்பில்லை, அதற்குத் தோல் விலை கொடுக்காதீர்கள்.

எதைப் போடுவதானாலும், சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னப் பட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த இடத்தை மூடித் தைத்த கவர் வேண்டவே வேண்டாம். விபத்து நேரத்தில் பை விரிவதைத் தடுத்துவிடும். ஏர்பேக் சீட்டுக்கென்றே தைத்த கவரைக் கேட்டு வாங்குங்கள்.