எலிக்கு உடம்பு சரியில்லையா? எப்ப டாக்டர்கிட்ட ஓடணும், எப்ப வீட்லயே பாத்துக்கலாம்

எலி வளர்க்க ஆரம்பிச்ச புதுசுல நான் பண்ண பெரிய தப்பு, "இன்னைக்கு ஒரு ராத்திரி பாப்போம், காலைல சரியாகலைன்னா கூட்டிட்டுப் போவோம்"னு இருந்ததுதான். பஞ்சுன்னு ஒரு வெள்ளைப் பொட்டை எலி, அன்னைக்கு மூச்சு விடும்போது விலா ரெண்டு பக்கமும் உள்ள இழுத்துச்சு, சாப்பாட்டை மோந்து பாத்துட்டு திரும்பிப் படுத்துக்கிச்சு, நானும் தூங்கி எந்திரிச்சா தெளிஞ்சிடும்னு லைட்டை அணைச்சுட்டுப் போயிட்டேன். காலைல அது இல்ல. அந்த ராத்திரி எனக்கு யாராவது சொல்லியிருக்கணும்னு நினைக்கற விஷயங்களைத்தான் இங்க எழுதறேன், உங்க எலிக்காவது உதவட்டும்.

முதல்ல ஒரு கணக்கு புரிஞ்சிக்கணும். எலியோட ஆயுசே 2லேர்ந்து 3 வருஷம்தான், அதனால எலிக்கு ஒரு வாரம்ங்கறது நம்ம வாழ்க்கைக் கணக்குல அரை வருஷத்துக்கு மேல. இதயம் நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல அடிக்கற உடம்பு, வயித்துல சேர்த்து வச்சிருக்கறது ரொம்பக் கம்மி, ஒரு நாள் சாப்பிடாம தண்ணி குடிக்காம இருந்தாலே சரசரன்னு இறங்கிடும். இதுக்கு மேல, எலி வேட்டையாடப்படற பிராணி, நோவு தெரிஞ்சா பூனையோ பருந்தோ தூக்கிட்டுப் போயிடும்ங்கற பயம் அதோட ரத்தத்துலயே இருக்கு, அதனால முடியற வரைக்கும் நல்லா இருக்கற மாதிரியேதான் நடமாடும். நம்ம கண்ணுக்கே நோவு தெரியுதுன்னா அது நேத்து முந்தாநேத்தே ஆரம்பிச்சிருக்கும். நாய்க்கு "ரெண்டு நாள் பாப்போம்"னு சொல்ற இடத்துல எலிக்கு "ரெண்டு மணி நேரம் பாப்போம்"னு வச்சுக்கோங்க.

நோவு தெரியணும்னா நல்லா இருக்கும்போது அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. வாரத்துக்கு ஒரு நாள் கிச்சன் ஸ்கேல்ல ஒரு டப்பாவை வச்சு அதுக்குள்ள எலியை விட்டு எடை பாத்து தேதி போட்டு எழுதி வைங்க. வளர்ந்த பொட்டை பெரும்பாலும் 250லேர்ந்து 350 கிராம், ஆண் அதைவிட நல்ல பெருசு, ஆனா உங்க எலியோட பழைய எடைதான் உங்களுக்கு அளவு. 300 கிராம் இருந்தது 270க்கு வந்துடுச்சுன்னா பத்துல ஒரு பங்கு போயிடுச்சு, வெளிய ஒண்ணுமே தெரியலைன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும். வயசான எலி மாசக்கணக்குல மெல்ல மெல்ல இளைக்கறது வேற, ஒரே வாரத்துல இறங்கறது வேற. எடை பாக்கற அன்னைக்கே கையால முழு உடம்பையும் தடவிப் பாருங்க, தாடைக்கு அடியில, அக்குள், வயிறு, தொடை இடுக்கு, அப்படியே முன்பல்லும் பாதமும். ரெண்டு நிமிஷ வேலைதான்.

இப்ப மூச்சு. எலி டாக்டர்கிட்ட போறதுல பெரும்பங்கு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி கிட்டத்தட்ட எல்லா வளர்ப்பு எலி உடம்புலயும் பிறந்ததுலேர்ந்தே இருக்கு, அம்மாகிட்டேர்ந்து வரும். அது சும்மா தூங்கிட்டு இருக்கும், கூண்டு மாத்தினது, புது எலி வந்தது, மூத்திர நெடி ஏறிப்போன கூண்டு, தூசி பறக்கற மரத்தூள், வயசு, இப்படி எதாவது ஒண்ணு சாக்கா கிடைச்சா தலை தூக்கிடும். முழுசா ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம், ஆனா சீக்கிரம் பிடிச்சாத்தான் அடங்கும், லேட்டானா நுரையீரல்ல விழுந்த தழும்பு திரும்ப சரியாகாது.

தும்மல் மட்டும்னா பதற வேண்டாம். புதுசா வீட்டுக்கு வந்த எலி முதல் ஒண்ணு ரெண்டு வாரம் தும்மறது ரொம்ப சகஜம், கூண்டுல விரிக்கற பொருளை மாத்தினாலும் தும்மும். நல்லா சாப்பிட்டு ஓடி ஆடிட்டு இருந்தா தூசியைக் குறைச்சு கூண்டை சுத்தமா வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. அந்தத் தும்மலோட சத்தம் சேர்ந்துதுன்னா கதை வேற. எலியைத் தூக்கி அதோட முதுகை உங்க காது மேல லேசா வச்சுக் கேளுங்க, நல்ல நுரையீரல்ல ஒண்ணும் கேக்காது. கொரகொரப்பு, விசில், சொடக்குப் போடற மாதிரி சத்தம், புறா முனகற மாதிரி சத்தம், இதுல எது கேட்டாலும் அன்னைக்கோ மறுநாளோ டாக்டர். சத்தத்தோட சாப்பாடும் குறைஞ்சிடுச்சுன்னா மறுநாள்ங்கற பேச்சே கிடையாது.

சத்தமே இல்லாம கஷ்டப்படறதும் உண்டு, பஞ்சு அப்படித்தான் இருந்தா. தூங்கும்போது இல்லைன்னா சும்மா உக்காந்திருக்கும்போது வயித்தோட பக்கவாட்டைப் பாருங்க, லேசா ஏறி இறங்கறதுதான் சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ள இழுத்துச்சுன்னா, தலை ஆடிச்சுன்னா, உடம்பைப் பந்து மாதிரி சுருட்டி முடியைச் சிலிர்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சுன்னா கிளம்பிடுங்க. அமைதியா இருக்கற எலி நிமிஷத்துக்கு 70லேர்ந்து 115 தடவை மூச்சு விடும், அதைக் கண்ணால எண்ண முடியாது, போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து நிஜ நேரத்துல 15 நொடிக்கு எத்தனைன்னு எண்ணி நாலால பெருக்கிக்கோங்க. எலி மூக்கு வழியாத்தான் மூச்சு விடற பிராணி, வாயைத் திறந்து காத்துக்கு ஏங்குதுன்னா, பாதமும் காதும் நீலமாவோ சாம்பலாவோ வெளுத்துப் போச்சுன்னா, ராத்திரி ரெண்டு மணியானாலும் எமர்ஜென்சிதான். ஆக்சிஜன் வைக்கற வசதி இருக்கான்னு போன்லயே கேட்டுட்டு அங்க போங்க.

கண்ணோரமும் மூக்குலயும் சிவப்பா இருந்தா ரத்தம்னு எல்லாரும் பயந்துடுவாங்க, நானும் பயந்திருக்கேன். பெரும்பாலும் அது ரத்தம் இல்ல, கண்ணுக்குப் பின்னால ஹார்டேரியன் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்து வர பார்ஃபிரின்ங்கற நிறமி. சந்தேகமா இருந்தா துடைச்ச டிஷ்யூ மேல புற ஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க, பார்ஃபிரின்னா இளஞ்சிவப்பா மினுங்கும், ரத்தம் மினுங்காது. தூங்கி எந்திரிச்சதும் துளி இருந்து அதுவே கழுவிக்கிச்சுன்னா விட்டுடலாம். துடைச்ச கொஞ்ச நேரத்துலயே திரும்ப வருது, முன்னங்கை முடியெல்லாம் சிவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு, எலி தன்னைச் சுத்தம் பண்ணிக்கறதையே விட்டுடுச்சுன்னா உள்ள வேற என்னமோ ஓடுதுன்னு அர்த்தம். சுத்தம் பண்ணிக்காத எலி நோவுல இருக்கற எலின்னே எடுத்துக்கோங்க.

சாப்பாட்டை வச்சு ஒரு சோதனை இருக்கு, எனக்கு இது மேல ரொம்ப நம்பிக்கை. அதுக்கு உயிரா இருக்கற ஒரு பண்டத்தை மூக்குகிட்ட நீட்டுங்க. வழக்கமான தீனியை விட்டுட்டு இதை மட்டும் ஓடி வந்து வாங்கித் தின்னா கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம், ஆனா அன்னைக்கு முழுக்க கண்ணு வச்சிருங்க. இதையே வேண்டாம்னு திரும்பிக்கிச்சுன்னா வேற எதையும் யோசிக்காதீங்க, அன்னைக்கே டாக்டர். ஆசையா ஓடி வந்து வாங்கி கீழ போட்டுச்சுன்னா பல்லைப் பாருங்க, எலியோட முன்பல் சாகற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், மேல கீழ ஒழுங்காப் பொருந்தலைன்னா தேயாம வளைஞ்சு வாய்க்குள்ளயே குத்தும். ஆரஞ்சு மஞ்சளா இருக்கறது நல்ல பல்லோட நிறம்தான், கீழ்ப்பல் மேல்பல்லைவிட நீளமா இருக்கறதும் சரிதான். பல்லை நீங்களே நகவெட்டியால வெட்டாதீங்க, நெடுக்க பிளந்துக்கும்.

பல்லு நல்லா இருந்தும் தீனியைக் கையில பிடிக்க முடியலை, முன்னங்கை தடுமாறுது, வட்டம் போட்டு சுத்துது, பின்னாடியே நகருதுன்னா, அதுவும் ஒன்றரை வயசுக்கு மேல ஆன பொட்டைன்னா, மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பில கட்டி இருக்கலாம். தலை மட்டும் ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்தா பெரும்பாலும் காதுக்குள்ள இன்ஃபெக்ஷன், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா தலை நிமிரவும் வாய்ப்பிருக்கு, நாளைக் கடத்தினா சாய்வு அப்படியே தங்கிடும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், எது என்னன்னு நீங்க வீட்ல உக்காந்து முடிவு பண்ண வேண்டாம், அன்னைக்கே காட்டுங்க. வயசான ஆண் எலிக்கு பின்னங்கால் மாசக்கணக்குல மெல்ல தளர்றது நிறைய நடக்கும், அதுக்கு அவசரம் இல்ல, கூண்டுல ஏணியெல்லாம் எடுத்துட்டு சமதளமா பண்ணிட்டு சாவகாசமா காட்டலாம். ஆனா நேத்து ஓடின கால் இன்னைக்கு இழுத்துச்சுன்னா காத்திருக்கக் கூடாது.

கட்டி பத்தி. பொட்டை எலிக்குப் பால்சுரப்பித் திசு கழுத்துலேர்ந்து தொடை இடுக்கு வரைக்கும், விலாப்பக்கமும் பரவியிருக்கு, அதனால எங்க வேணா கட்டி வரும். பெரும்பாலும் பரவாத வகைதான், ஆனா வளரும், எலியோட பாதி எடைக்கே வளர்ந்ததையெல்லாம் பாத்திருக்கேன். பட்டாணி அளவுல இருக்கும்போது எடுக்கறது சின்ன ஆபரேஷன், எலுமிச்சை அளவுக்கு வந்தப்புறம் பெரிய ஆபரேஷன், எலியும் அதுக்குள்ள மூணு மாசம் வயசாயிருக்கும். கட்டி கண்ட வாரமே காட்டுங்க. சண்டை போட்ட இடத்துல ரெண்டு நாள்ல பொசுக்குன்னு வீங்கி, தொட்டா சூடா வலிச்சு கத்துச்சுன்னா அது சீழ்க்கட்டியா இருக்கும், அதுக்கும் டாக்டர்தான், வீட்ல பிதுக்காதீங்க, உள்ளயே உடைஞ்சா ஆபத்து.

ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாததுன்னு சிலது இருக்கு. வலிப்பு. நிக்காத ரத்தம். கீழ விழுந்து எந்திரிக்காம கிடக்கறது. வால் தோல் உரிஞ்சு உள்ளே தெரியறது. தண்ணியா பேதி போயி, பிடரித் தோலைக் கிள்ளிவிட்டா உடனே படியாம கூடாரம் மாதிரி நிக்கறது. மூத்திரத்துல ரத்தம், இல்ல பொட்டையோட பின்பக்கம் ரத்தம், எலிக்கு மாதவிடாய்னு ஒண்ணு கிடையாதுங்கறதால அது எப்பவுமே கோளாறுதான், நாயோட குழப்பிக்காதீங்க. வெயில்ல வாடி எச்சில் வழிய பரப்பிக்கிட்டு கிடந்தா வாலையும் பாதத்தையும் காதையும் சாதாரணத் தண்ணியால நனைச்சுக்கிட்டே கிளம்புங்க, ஐஸ் தண்ணி மட்டும் வேண்டாம். தொண்டைல தீனி சிக்கிக்கறதும் நடக்கும், எலியால வாந்தி எடுக்க முடியாது, தாடையைக் கழுத்தோட இழுத்து இழுத்து எச்சில் ஒழுக்கிக்கிட்டு வாயைக் கையால கிளறும். மூச்சு போய் வந்துட்டு இருந்தா தீனியும் தண்ணியும் எடுத்துட்டு அமைதியா விடுங்க, நிறைய தடவை தானே சரியாகும், மூச்சு திணறினாலோ ஒரு மணி நேரமாகியும் தீரலைன்னாலோ கிளம்புங்க.

இதெல்லாம் எதுலயும் சேராம "என்னமோ சரியில்ல"ன்னு மட்டும் தோணற நாள் வரும். அப்ப முகத்தைப் பாருங்க. 2011ல ஆராய்ச்சியாளர்கள் எலியோட முகத்தை வச்சே வலியைக் கணக்கிட ஒரு முறையை வெளியிட்டாங்க, ராட் கிரிமேஸ் ஸ்கேல்னு பேரு: கண்ணு பாதி மூடி இடுங்கியிருக்கும், மூக்கும் கன்னமும் மேடு இல்லாம தட்டையாகிடும், காது மடிஞ்சு வெளிப்பக்கமா திரும்பும், மீசை விறைப்பாகிடும். பல்லைக் கடிக்கற சத்தம் மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சந்தோஷத்துலயும் கடிக்கும் வலியிலயும் கடிக்கும், மத்த முகம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. கூட்டத்தை விட்டு மூலைல தனியா உக்காந்திருக்கற எலி, கூப்பிட்டா வராத எலி, இதுவே போதும், நீங்க தினம் பாக்கறவங்க, உங்க மனசுல உறுத்தறதை நம்புங்க.

மனுஷங்களுக்கு வாங்கின வலி மாத்திரையோ மிச்சம் இருக்கற ஆன்டிபயாடிக்கோ டாக்டரைக் கேக்காம நீங்களா குடுக்காதீங்க. 300 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலும் விஷமாயிடும், போதாக்குறைக்கு மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது, பென்சிலின் வகை மருந்து அந்தச் சுவரைத்தான் உடைக்கும், அதனால அது மேல வேலையே செய்யாது, நீங்க மருந்து குடுத்துட்டோம்னு நிம்மதியா இருக்கற நேரத்துல எலி இறங்கிட்டு இருக்கும்.

எல்லா டாக்டரும் எலி பாக்க மாட்டாங்க, இதை எலி நல்லா இருக்கும்போதே போன் பண்ணிக் கேட்டு வச்சிடணும், எலி பாத்த அனுபவம் இருக்கா, ராத்திரி லீவு நாள்ல யார்கிட்ட போகணும்னு ரெண்டு நம்பராவது கைவசம் வேணும். கிளம்பும்போது சின்னப் பெட்டில பழைய துணி போட்டு அதோட வாசம் அடிக்கற மாதிரி வைங்க, ஈரத்துக்கு ஒரு வெள்ளரித் துண்டு, குளிர்ந்து போயிருந்தா துணில சுத்தின வெந்நீர் பாட்டில் ஒரு ஓரமா, சூடு தாங்கலைன்னா நகர்ந்துக்க மறுபக்கம் இடம் விட்டு. ரொம்ப மோசமா இல்லைன்னா கூட இருக்கற எலியையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க, பயம் குறையும். மூச்சு வீடியோவும் எடை நோட்டும் மறக்காதீங்க, ஏன்னா ஆஸ்பத்திரி மேஜை மேல போனதும் பயத்துல எலி நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும், டாக்டருக்கு நீங்க காட்டற வீடியோதான் நிஜம். ஆபரேஷன்னு சொன்னா ராத்திரி பட்டினி போடணுமான்னு கேளுங்க, வாந்தி எடுக்காத பிராணிங்கறதால எலிக்கு நீண்ட பட்டினி தேவையில்ல, அது கெடுதல்கூட, நாய்க்குச் சொல்ற மாதிரி சொன்னாங்கன்னா திரும்பக் கேக்கத் தயங்காதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் தினம் ஒரே நேரத்துல எடை பாருங்க. மருந்து ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல மூச்சும் சாப்பாடும் கொஞ்சமாவது தேறணும், தேறலைன்னா கோர்ஸ் முடியட்டும்னு காத்திருக்காம அப்பவே போன் பண்ணுங்க, மருந்தை மாத்தவோ இன்னொண்ணு சேர்க்கவோ வேண்டியிருக்கும். தேறிடுச்சுன்னு பாதில நிறுத்தவும் கூடாது, மூச்சுக் கோளாறுக்கு வாரக்கணக்குல குடுக்க வேண்டி வரும்.