பழைய சாகசம், புதிய சாகசம்: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம்; நடத்துவதற்கான கதைப் புத்தகத்தைத்தான் சாகசம் என்கிறோம். அதை ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது. பழைய சாகசங்களில் கதையே கிடையாது, கதவைத் திறந்தால் சாவுதான் என்பார் ஒருவர். இப்போது வருவதெல்லாம் தண்டவாளத்தில் ஓடும் ரயில், ஆடுகிறவருக்கு என்ன வேலை என்பார் இன்னொருவர். நானும் இரண்டு பக்கமும் நின்று கத்தியிருக்கிறேன்.

முதல் சறுக்கல், ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ சாகசத்தைப் பழைய பாணிக்கே மாதிரியாக எடுத்துக்கொள்வது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அதை 1975இல் ஒரிஜின்ஸ் மாநாட்டில் ஒரு போட்டிக்காக நடத்தினார். அச்சில் வந்தது 1978இல். கைதேர்ந்தவர்களையே திணறடிக்கத்தான் அதை எழுதினார். நுழைவுத் தேர்வு வினாத்தாளைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துப் பிள்ளைகள் தினமும் பள்ளியில் இதைத்தான் எழுதினார்கள் என்று சொல்ல முடியுமா? அன்றைய புது ஆட்டக்காரர்கள் பலருக்குக் கையில் கிடைத்தது அதே கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’. புதியவர்களுக்கான ‘பேசிக்’ விதிகள் இருந்த பெட்டிக்குள்ளேயே அதையும் வைத்து விற்றார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் அதை எடுங்கள்.

அதை எடுத்தும் நான் சறுக்கினேன். இந்தக் காலத்து ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்துக்கொண்டு அதில் வரும் அரக்கர் குகைகளை நடத்தினேன். நண்பர்கள் ஒவ்வொரு அறையாக வெட்டிக்கொண்டே போனார்கள். மூன்றாவது குகையில் ஒருவர் கொட்டாவி விட்டார். புத்தகம்தான் மட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. ஒரு சாகசத்தை அதன் விதிகளிலிருந்து பிய்த்தெடுத்து எடைபோட்டால் எடை சரியாக வராது.

கோப்ளின் என்னும் குட்டி அரக்கர்களின் குகையையே பாருங்கள். ஆள் வருவதைப் பார்த்ததும் காவல் கோப்ளின்கள் “ப்ரீ-யார்க்!” என்று கூவி, 250 தங்கக் காசு கொண்ட ஒரு மூட்டையை ரகசியக் கதவு வழியாகப் பக்கத்துக் குகையில் இருக்கும் ஓகர் என்னும் பெரிய அரக்கனிடம் எறியும். ஓகர் கூலிக்குச் சண்டை போடுகிறது. அதைவிடக் கூடுதலான காசைக் கண்ணில் காட்டினால் பெரும்பாலும் அதை வாங்கிக்கொண்டு தன் குகைக்கே திரும்பிவிடும்.

1981 பேசிக் விதிகளின்படி ஒரு கோப்ளினைக் கொன்றால் 5 அனுபவப் புள்ளி (இது சேரச் சேரத்தான் கேரக்டருக்குப் பலம் கூடும்). மீட்டு வரும் ஒவ்வொரு தங்கக் காசுக்கும் 1 புள்ளி. ஆக, அந்த மூட்டை ஒன்றே ஐம்பது கோப்ளின்களுக்குச் சமம். உயிர் பூஜ்யத்துக்கு வந்தால் கேரக்டர் செத்ததுதான். இந்த நிலையில் எவனாவது முதலில் வாளை உருவுவானா? பேசிப் பார்ப்பான், ஏமாற்றுவான், திருடுவான். கோப்ளின்களும் சாகும்வரை நிற்பதில்லை. இரண்டு பகடை உருட்டி மனவுறுதியைப் பார்ப்போம். 7ஐத் தாண்டினால் ஓடிவிடும், ராஜா கூட இருந்தால் 9. ஐந்தாம் பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளி. மூட்டைக்கு ஒன்றுமில்லை. என் நண்பர்கள் வெட்டியதில் என்ன ஆச்சரியம்?

தலைகீழாகவும் இதே கதைதான். இன்றைய சாகசத்தில் சண்டைகளை அளந்து வைத்திருப்பதைப் பார்த்து ‘குழந்தைத்தனம்’ என்கிறார்கள். கேரக்டருக்கு மூன்று பக்கத்தில் பின்கதை எழுதிவந்தவரை முதல் பொறியிலேயே கொல்ல ஆட்டத்தை நடத்தும் எந்த டிஎம்முக்கும் மனசு வராது. அந்த ஆட்டத்துக்கு அந்த அளவு தேவை.

அப்புறம், ஆண்டைப் பார்த்துப் பாணியை ஊகிப்பது. சம்பவங்களை வரிசையாகக் கோத்துக் கதை சொல்லும் பாணி ஏதோ நேற்று வந்தது போலப் பேசுகிறோம். டிராகன்லான்ஸ் வரிசையின் முதல் சாகசம் 1984இல் வந்துவிட்டது; ஆட்டம் பிறந்தே அப்போது பத்து வருஷம்தான். மாறாக, 2014இல் வந்த ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபாண்டெல்வர்’ நடுப்பகுதியில் எந்தப் பக்கம் போவது என்பதை ஆடுகிறவர்களிடமே விட்டுவிடுகிறது. 1983இன் ‘ரேவன்லாஃப்ட்’ இரண்டு அணியிலும் அடங்காது. உணர்ச்சிமயமான வில்லன் இருக்கிறான். ஆனால் முக்கியமான பொருள்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிக்கிறது.

பக்கக் கணக்கும் ஏமாற்றும். ‘ரேவன்லாஃப்ட்’ 32 பக்கம். அதை விரித்து 2016இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ 256. மெலிந்திருந்தால் ஆடும்போது புரட்டச் சுலபம் என்று நினைக்காதீர்கள். பழைய சாகசப் புத்தகங்களில் புதையல் இருக்கும் இடம் நீண்ட பத்தியின் ஏழாவது வரியில் ஒளிந்திருக்கும்.

‘தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ கோட்டையில் யாருக்கும் பெயர் இல்லையே, இது சோம்பேறித்தனம்தானே என்று சிலர் கேட்பார்கள். புது டிஎம் எப்படி நடத்துவது என்று பழகிக்கொள்ள எழுதிய சாகசம் அது. பெயர் வைப்பது அவர் பாடு.

பிறகு 1981 விதிகளை வைத்தே அதை மறுபடி நடத்தினேன். ஊரில் உலவும் வதந்திகளைப் பகடை உருட்டிப் பெற வேண்டும். அதில் சிலது பொய். ‘ப்ரீ-யார்க்’ என்றால் கோப்ளின் மொழியில் ‘சரணடைகிறோம்’ என்பது ஒரு வதந்தி. போன தடவை கொட்டாவி விட்டவருக்குத்தான் அது விழுந்தது. குகைக்குள் போனதும் கையைத் தூக்கிக்கொண்டு அதையே உரக்கக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் ஓகர் வந்து நின்றது.